ஹீட்டர் மாற்றியதும் சிங்க்கில் தண்ணீர் குறைந்துவிட்டதா? அடைப்பைத் தேடிப் பிடிக்கும் முறை

புது ஹீட்டர் மாட்டியாயிற்று, தண்ணீர் நன்றாகச் சுடுகிறது. ஆனால் சமையலறை சிங்க்கில் மட்டும் வெந்நீர் நூல் மாதிரி ஒழுகுகிறது. உடனே ஹீட்டரைக் கழற்றப் போகாதீர்கள். பெரும்பாலும் ஹீட்டரில் கோளாறே இருக்காது. மாற்றும் வேலையில் கிளம்பிய துரு, உப்புச் செதில், டேப் துணுக்கு ஏதாவது தண்ணீரோடு ஓடிவந்து, வழியில் இடுக்கான இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும். மிக இடுக்கான இடம் குழாயின் நுனிதான். அதனால் தேடலை நுனியில் தொடங்கி, ஹீட்டரை நோக்கிப் பின்னால் நகர வேண்டும். கையால் திருகிக் கழற்றக்கூடியவை எல்லாம் முதலிலும், ரென்ச் பிடிக்க வேண்டியவை கடைசியிலும் வரும் வரிசையும் இதுவே.

பல வருடமாகப் பைப்பின் உள்சுவரில் ஒட்டிக்கிடந்த படிவு ஏன் இப்போது கிளம்புகிறது? ஹீட்டர் மாற்றும்போது பைப்பில் உள்ள தண்ணீர் முழுக்க வடிகிறது. பழைய மரைகளை ரென்ச் போட்டுத் திருப்பும்போது பைப் அதிர்கிறது. பிறகு வால்வைத் திறந்ததும் காற்றும் தண்ணீரும் கலந்து அடித்துக்கொண்டு பாய்கின்றன. வழக்கமான ஓட்டத்தில் அசையாத செதில் அந்த அடியில் பெயர்ந்துவிடும். பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) இருக்கும் வீடுகளில் இது கட்டாயம் நடக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: வெந்நீர் மட்டும் குறைவா, குளிர்நீரும் குறைவா? இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அடைப்பு இரண்டும் சேரும் இடத்துக்குப் பிறகு இருக்கிறது. அதாவது குழாய் நுனிச் சல்லடை அல்லது இழுத்து நீட்டும் ஸ்ப்ரே. வீடு முழுக்க இரண்டுமே குறைந்திருந்தால், வேலைக்காக மூடிய மெயின் வால்வை யாரும் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது மெயின் லைனில் உள்ள ஃபில்டரோ அழுத்தம் குறைக்கும் வால்வோ குப்பையால் அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது: இந்த சிங்க்கில் மட்டுமா, எல்லா வெந்நீர் குழாய்களிலுமா? இங்கு மட்டும் என்றால் ஹீட்டரை மறந்துவிடலாம். பெரும்பாலும் சிங்க்கிலோ அதன் அடியிலோ விஷயம் முடிந்துவிடும். எல்லா இடத்திலும் என்றால் ஹீட்டரின் உள்வழி, வெளிவழி இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. திறந்தவுடன் ஒரு விநாடி வேகமாக வந்து பிறகு சட்டென்று இளைக்கிறதா? அப்படியானால் அழுத்தம் இருக்கிறது, வழியில் அடைப்பும் இருக்கிறது. மூடியிருக்கும்போது அழுத்தம் முழுதாக ஏறி நிற்கும். திறந்ததும் அது தீர்ந்துபோய், அடைப்பு விடும் அளவு மட்டுமே வரும். தொடக்கத்திலிருந்தே மெல்ல, புஸ் புஸ் என்று காற்றோடு துப்பிக்கொண்டு வந்தால் ஏர் லாக்கை, அதாவது பைப்பில் காற்று தங்கி ஓட்டத்தை மறிப்பதை, சந்தேகிக்க வேண்டும். இன்னொரு வகை உண்டு: குளிர்ந்த தண்ணீர் வரும்வரை நன்றாக வந்து, சூடு ஏற ஏற இளைக்கும். திருகிச் சுற்றும் பழைய மாடல் குழாய்களில் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சூட்டில் உப்பி வழியை அடைப்பதால் வருவது இது. வாஷரை மாற்றிவிட்டு, குழாயை முழுச்சுற்று திறந்து பயன்படுத்தினால் சரியாகிவிடும்.

அளந்து பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் போதும். முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 60-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும்: 10 விநாடி என்றால் 6 லிட்டர், 20 விநாடி என்றால் 3 லிட்டர். வெந்நீர் சுற்றிக்கொண்டு வருவதால் கொஞ்சம் குறைவது இயல்பு. குளிர்நீரைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அடைப்பு உறுதி. ஒவ்வொரு பாகத்தையும் சுத்தம் செய்த பிறகு மறுபடி அளந்தால்தான் எது பலித்தது என்று தெரியும்.

நுனிச் சல்லடை

முதலில் சிங்க்கின் துளையை மூடியால் அடைத்துவிடுங்கள். சல்லடைக்குள் இருக்கும் வளையங்கள் சின்னவை. துளைக்குள் விழுந்தால் போனதுதான். ஏரேட்டர் எனப்படும் இந்தச் சல்லடையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். மேலே நின்று பார்த்தால் திசை தலைகீழாகத் தெரியும். அங்கேதான் பலர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுகிறார்கள். கையால் வராவிட்டால் துணி சுற்றிக் குறடால் லேசாகப் பிடியுங்கள். அழுத்திப் பிடித்தால் வளையம் நசுங்கும். சில குழாய்களில் சல்லடை உள்ளே மறைந்திருக்கும். அதற்கென்று பல் வைத்த பிளாஸ்டிக் சாவி குழாயோடு வந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மரை போய்விடும்.

கழற்றிய வரிசையிலேயே பாகங்களை ஒரு துணிமேல் அடுக்கி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சல்லடை இல்லாமல் வெந்நீரைத் திறந்து அளவு பாருங்கள். நன்றாக வந்தால் கோளாறு சல்லடையில்தான், சுத்தம் செய்து மாட்டினால் முடிந்தது. ஆனால் சிக்கிய குப்பையைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லும். ஒரு வெள்ளைத் தட்டில் தட்டிப் பரப்பி, விரலால் நசுக்கிப் பாருங்கள்.

பழுப்புச் செதில் நசுக்கினால் பொடியாகி விரலில் செங்கறை விட்டால், துரு. பைப்போ, பைப்பும் ஹீட்டரும் சேரும் இரும்பு நிப்பிளோ அரித்திருக்கிறது. ஒருமுறை வந்து நின்றால் பரவாயில்லை. வாரம்தோறும் வந்தால் அந்தப் பைப்புக்கு வயதாகிவிட்டது.

சாம்பல் வெள்ளையில் கரடுமுரடான துணுக்கு என்றால் இரண்டு வாய்ப்பு. ஒரு மூடி வினிகரில் போடுங்கள். நுரைத்துக் கரைந்தால் உப்புப் படிவு. நுரைக்காமல் மிதந்தால் பிளாஸ்டிக். பழைய ஹீட்டருக்குள் குளிர்நீரைத் தொட்டியின் அடிவரை கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழல் உளுத்துப்போய், அதன் சில்லுகள் பைப்பில் தங்கியிருக்கின்றன என்று பொருள். ஹீட்டர் போய்விட்டது, சில்லு மிச்சம். இவை ஒரே நாளில் தீராது. ஒன்றிரண்டு வாரத்துக்கு அவ்வப்போது சல்லடையைத் திறந்து கொட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளை நூல் போலச் சுருண்டிருந்தால் டெஃப்லான் டேப். மரையின் விளிம்பைத் தாண்டிச் சுற்றியதால் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு பிய்ந்து வந்திருக்கிறது. பழுப்பேறிய வெண்ணிறத்தில் ஒழுங்கான சுருள்களாக இருந்தால் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பை அறுத்த சீவல். அறுத்த விளிம்பைச் சீவித் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளி மணி போல உருண்டிருந்தால் தாமிரப் பைப்பைப் பற்றவைத்த ஈயம். கருப்பாக, தேய்த்தால் விரலில் மை போல இழுபட்டால் ரப்பர். பழைய வாஷர் அல்லது சுவர் வால்வையும் குழாயையும் இணைக்கும் கனெக்‌ஷன் பைப்பின் உட்குழல் நொறுங்குகிறது, அந்தப் பைப்பையே மாற்றுங்கள். கடுகை விடச் சிறிய, ஒரே அளவான உருண்டைகள் வந்தால் அது தண்ணீர் மென்மையாக்கும் கருவியின் ரெசின். அதற்கும் ஹீட்டருக்கும் சம்பந்தமில்லை.

ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுச் சல்லடையை வெது வெதுப்பான வினிகரில் 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஊறவையுங்கள். வினிகர் இல்லையென்றால் 250 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். பழைய பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து தேய்த்து, தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக அலசுங்கள். குண்டூசியால் குத்தினால் சல்லடைக் கண்கள் பெரிதாகித் தண்ணீர் கோணலாகச் சிதறும். இரவு முழுக்க ஊறவைத்தால் குரோம் பூச்சு மங்கும்.

இழுத்து நீட்டும் ஸ்ப்ரே குழாய் என்றால் தலையும் ஹோஸும் சேரும் இடத்தில் இன்னொரு சின்ன வலை இருக்கும். பக்கத்திலேயே ஒருவழி வால்வும் இருக்கும். தலையைத் திருகிக் கழற்றினால் இரண்டும் தெரியும்.

மிக்சரும் அதன் கார்ட்ரிட்ஜும்

சல்லடை இல்லாமலும் வெந்நீர் இளைத்திருந்தால், அடைப்பு வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் குழாயான மிக்சரிலா அல்லது அதற்கு முன்னாலா என்று பிரித்தறிய வேண்டும். சிங்க்கின் அடியில் வெந்நீர் ஆங்கிள் வால்வை (சுவரிலிருந்து வரும் பைப்பின் முனையில் உள்ள சின்ன வால்வு) மூடி, கனெக்‌ஷன் பைப்பின் மேல்முனையை மிக்சரிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டு, வால்வை மெல்லத் திறங்கள். தண்ணீர் சூடாக வரும், கை கவனம். வாளியில் வேகமாகக் கொட்டினால் அடைப்பு மிக்சருக்குள். இங்கும் மெல்ல வந்தால் மிக்சரைத் தொடவே வேண்டாம், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் அடைப்பு என்றால், கார்ட்ரிட்ஜை (கைப்பிடிக்கு அடியில் ஓட்டத்தையும் கலவையையும் கட்டுப்படுத்தும் பாகம்) கழற்றாமலே ஒரு வழி செய்து பார்க்கலாம். இரண்டு ஆங்கிள் வால்வையும் மூடுங்கள். மேலே கழற்றிய முனையை மிக்சரில் திரும்ப மாட்டி, அதே பைப்பின் கீழ்முனையை ஆங்கிள் வால்விலிருந்து எடுத்து வாளிக்குள் விடுங்கள். சல்லடை கழற்றிய குழாய் வாயைத் துணி வைத்துக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, கைப்பிடியை நடுவில் நிறுத்தித் தூக்குங்கள். இன்னொருவர் குளிர்நீர் வால்வைக் கால்பங்கு திறக்கட்டும். வெளியேற வாய் இல்லாத குளிர்நீர், கார்ட்ரிட்ஜின் வெந்நீர் வழியாகப் பின்னோக்கி இறங்கி வாளியில் கொட்டும். அதோடு சிக்கிய துணுக்கும் வந்துவிடும். பத்துப் பத்து விநாடியாக மூன்று நான்கு முறை. மிக்சரில் ஒருவழி வால்வு இருந்தால் மட்டும் இது நடக்காது. அப்போது கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தே ஆக வேண்டும்: இரண்டு வால்வும் மூடிய நிலையில் கைப்பிடி ஸ்க்ரூ, மூடி, பித்தளை நட் என்ற வரிசை. கார்ட்ரிட்ஜின் அடியிலுள்ள துளைகளைக் கழுவி, அது உட்காரும் குழியையும் துடையுங்கள். ரப்பர் வளையங்களுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும் போடலாம். வாசலினோ எண்ணெயோ போட்டால் ரப்பர் ஊதி, கைப்பிடி இறுகிவிடும்.

கனெக்‌ஷன் பைப்பும் ஆங்கிள் வால்வும்

கனெக்‌ஷன் பைப்பை முழுதாக எடுத்துவிட்டு, ஆங்கிள் வால்வின் வாயிலேயே வாளியைப் பிடித்து அளந்து பாருங்கள். இங்கு நன்றாக வந்தால் பைப்தான் குற்றவாளி. வெளியே எஃகுப் பின்னல் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் குழல் மடிந்திருக்கலாம். நட்டை அளவு மீறி இறுக்கினால் வாஷர் பிதுங்கித் துளையை மூடியிருக்கும். வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும். அரை அங்குல நட் இருப்பதால் உள்ளேயும் அரை அங்குலம் என்று எண்ண வேண்டாம். பல பைப்புகளில் உள்விட்டம் 8 மில்லிமீட்டர்தான். 15 மில்லிமீட்டர் பைப்போடு ஒப்பிட்டால் தண்ணீர் போகும் பரப்பு கால்பங்கைவிடச் சற்றே அதிகம். இதனால் ஹீட்டர் பக்கத்தில் நீளமான மெல்லிய கனெக்‌ஷன் பைப்பை மாட்டியிருந்தால் வீடு முழுக்க வெந்நீர் குறையும். அங்கே உள்விட்டம் பெரிய பைப்பையே கேட்டு வாங்குங்கள், தேவைக்கு மேல் நீளம் வேண்டாம்.

ஆங்கிள் வால்விலேயே இளைத்திருந்தால் முதலில் அது முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் தொடாமல் இருந்த திருகு வால்வை இந்த வேலைக்காக மூடித் திறந்திருப்பார்கள். உள்ளே வாஷர் தண்டைவிட்டுக் கழன்று வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடி சுற்றும், வழி திறக்காது. கேட் வால்வுகளிலும் இதே கதை: தண்டு அரித்து முறிந்து, கதவுத் தகடு பாதியில் தொங்கும். இரண்டையும் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே நல்லது. கேட் வால்வு இருந்த இடத்தில் பால் வால்வு போடுங்கள். கைப்பிடி பைப்புக்கு இணையாக இருந்தால் முழுத் திறப்பு, பார்த்தாலே தெரியும்.

பைப்பைப் பின்னோக்கி அடித்துக் கழுவுதல்

ஆங்கிள் வால்வுவரை எல்லாம் சரி, ஹீட்டரின் வெளிவாயிலும் தண்ணீர் நன்றாக வருகிறது, இடையில் சுவருக்குள் போகும் பைப்பில்தான் அடைப்பு என்று தெரிந்தால், சுவரை உடைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏர் லாக்குக்கும் இதுவே மருந்து.

1. மின் ஹீட்டர் என்றால் பிரேக்கரை இறக்குங்கள். கேஸ் என்றால் கேஸ் வால்வை மூடுங்கள். ஏதாவது வெந்நீர் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

2. ஹீட்டருக்குள் போகும் வால்வை மூடுங்கள். வீட்டின் மற்ற வெந்நீர் குழாய்கள், மிக்சர்கள் எல்லாம் மூடியிருக்கட்டும்.

3. சிங்க்கின் அடியில் இரண்டு ஆங்கிள் வால்வையும் மூடி, மிக்சருக்குப் போகும் இரண்டு பைப்பையும் எடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் அரை அங்குல நட் உள்ள ஒரு கனெக்‌ஷன் பைப்பால் இரண்டு வால்வையும் நேரடியாக இணையுங்கள். இரண்டு முனையிலும் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஹீட்டரின் வெளிவாய் இணைப்பைக் கழற்றி, சுவரிலிருந்து வரும் முனையை ஒரு ஹோஸ் மூலம் வாளிக்குள் விடுங்கள். மின் இணைப்பின்மீது தண்ணீர் தெறிக்காதபடி ஹோஸைக் கட்டிவிடுங்கள். ஹீட்டரின் வாயிலிருந்து கொஞ்சம் வடியும்.

5. வெந்நீர் வால்வை முழுக்கத் திறந்து, குளிர்நீர் வால்வை மெல்லத் திறங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு மூடி, மறுபடி திறங்கள். வாளிக்கு வரும் தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை. வாளியருகே ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

6. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, ஹீட்டரை நிரப்பி, வெந்நீர் குழாயில் காற்றுத் துப்பல் இல்லாமல் சீராக வந்த பிறகே மின்சாரமோ கேஸோ கொடுங்கள். தொட்டி நிரம்பாமல் சுவிட்ச் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் சில விநாடிகளிலேயே கருகிவிடக்கூடும்.

எல்லா வெந்நீர் குழாய்களிலும் குறைவு என்றால்

சில ஹீட்டர்களின் மேல்வாய்களில் சூடு தப்பாமல் தடுக்கும் நிப்பிள்கள் உண்டு. உள்ளே சின்ன உருண்டையோ பிளாஸ்டிக் மடலோ இருக்கும். குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் அவை வேறு வேறு, அம்புக்குறியும் இருக்கும். இடம் மாறியிருந்தாலோ, பக்கத்தில் பற்றவைத்த சூட்டில் மடல் உருகியிருந்தாலோ வழி பாதி அடையும். உள்வாயில் மாட்டும் ஒருவழி வால்வும் பாதுகாப்பு வால்வும் சேர்ந்த பித்தளைப் பாகத்தில் குப்பை சிக்கியிருக்கலாம். கழற்றிக் கழுவலாம். எக்காரணம் கொண்டும் அதை எடுத்துவிட்டு வெறும் பைப்பை மாட்டாதீர்கள். அதன் வடிகால் துளையையும் அடைக்காதீர்கள். தொட்டி வெடிக்காமல் காப்பது அதுதான்.

சூடான தண்ணீரையும் குளிர்ந்ததையும் கலந்து அளவான சூட்டில் அனுப்பும் வால்வு ஹீட்டரருகே இருந்தால், அதன் இரண்டு உள்வாயிலும் வலை இருக்கும். தொட்டியில்லாத உடனடி ஹீட்டரில் உள்வாய் ஃபில்டரைத் திருகி எடுத்துக் கழுவுங்கள். இந்த வகை பல மாடல்களில் நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர் ஓடினால்தான் பற்றும். அதனால் ஓட்டம் குறைந்தால் தண்ணீர் சுடாமலும் போகும். சிங்க்கின் அடியில் வைக்கும் அழுத்தம் தாங்காத சிறு ஹீட்டருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் உள்வாயில் ஓட்டத்தைக் குறைக்கும் பாகத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தாலோ, வெளிவாயில் சல்லடை மாட்டினாலோ தொட்டி பிளந்துவிடும்.

மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால் கணக்கே வேறு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். பழைய ஹீட்டரில் ஒருவழி வால்வு இல்லாமல் புதிதில் இருந்தால், அதன் ஸ்பிரிங்கைத் தள்ளவே இதில் ஒரு பங்கு போய்விடும். குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த வால்வா என்று பார்த்து வாங்குங்கள். புது ஹீட்டருக்காகப் பைப்பை மேலே ஏற்றி வளைத்து இறக்கியிருந்தால் அந்த வளைவின் உச்சியில் காற்று தங்கும். ஒருமுறை வெளியேற்றினாலும் திரும்பத் திரும்ப வரும். வளைவைத் தாழ்த்திப் போடுவதே தீர்வு.

முடித்த பிறகு

சல்லடையை மாட்டும் முன், அது இல்லாமலே வெந்நீரை முதலில் மெல்ல, பிறகு முழு வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மற்ற குழாய்களிலும் இப்படியே. ஹீட்டர் மாட்டும் நாளிலேயே சல்லடைகளைக் கழற்றி வைத்துவிட்டு நிரப்பினால் இந்த வேலையில் பாதி வராது. டேப் சுற்றும்போது நுனியிலிருந்து ஒரு மரை விட்டுத் தொடங்குங்கள்.

ஒரு வாரம் கழித்துச் சல்லடையைத் திறந்து மறுபடி தட்டில் தட்டுங்கள், ஒரு லிட்டர் பாட்டிலையும் நிரப்பி விநாடியை ஒப்பிடுங்கள். நாலைந்து துணுக்கு மட்டும் இருந்தால் அது மிச்சம் மீதி. முதல் நாள் அளவுக்கே துரு இருந்தால், சல்லடையை எத்தனை முறை கழுவினாலும் நிற்காது. ஹீட்டரிலிருந்து சிங்க்வரை உள்ள அந்த ஜிஐ பைப்பை மாற்ற வேண்டியதுதான்.